பிரின்லி ஸ்மாஷ்

மளிகைக் கடையைத் திறக்க வந்த ட்ரீனா, கண்ணாடிக் கதவில் தன் மகளின் முகத்தைப் பார்த்துச் சாவியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கதவில் ஊரே எதையாவது ஒட்டும். காணாமல் போன நாய், சர்ச்சில் பான்கேக் விருந்து, விற்பனைக்கு டிராக்டர். இன்று அதற்கெல்லாம் நடுவில் பிரின்லி. நீல ஜெர்சி போட்டுக்கொண்டு வலைக்கு மேலே எம்பி நிற்கிற படம். போன வருடம் ட்ரீனாவே எடுத்தது. தலைக்கு மேலே ரோஸ் நிறத்தில் 'பிரின்லிக்காக ஒன்று சேர்வோம்' என்று எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில்: 'சனிக்கிழமை முழுவதும். விற்கும் ஒவ்வொரு பிரின்லி ஸ்மாஷ் கோப்பையிலும் ஒரு பங்கு அவளுடைய இதய சிகிச்சைக்கு.'

முதல் தடவை படித்தபோது மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது. எந்தக் கோப்பை அவள் மகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டதோ, அதே கோப்பையை விற்று ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தரப்போகிறார்களாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று சொல்லுவார்கள். இவர்கள் தொட்டில் ஆட்டுவதற்கு நோட்டீஸும் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். ட்ரீனா அதைக் கிழித்தாள். ஒரு மூலை டேப்போடு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதையும் நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் கதவைத் திறந்தாள்.

ஒட்டியது கெல்சி. வேறு யாருமில்லை, ட்ரீனாவின் கணவன் டாரலோடு கூடப்பிறந்த ஒரே தங்கை. இதே டெல்ஃபோர்டில், மெயின் தெருவில், மூடிப்போன பூக்கடை இருந்த இடத்தில் மூன்று வருடமாகக் கடை நடத்துகிறாள். பல் டாக்டரிடம் உதவியாளராக ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். டானெட் என்கிற மகராசி பக்கத்து மாவட்டத்திலிருந்து பெரிய வெள்ளைக் காரில் வந்து, 'உனக்கு நீயே முதலாளி' என்று ஓதி, அந்த வேலையை விடவைத்தாள். முதலாளியாம். மாதா மாதம் இத்தனை டப்பா சத்துப்பொடி கம்பெனியிலிருந்து வாங்கியே ஆக வேண்டும்; வாங்காவிட்டால் கம்பெனி ஏணியில் அவள் ஒரு படி இறங்கிவிடுவாள். கெல்சி வாங்குகிற ஒவ்வொரு டப்பாவிலும் டானெட்டுக்குப் பங்கு, டானெட்டுக்கு மேலே இருக்கிறவளுக்கும் பங்கு. கெல்சி அதை விற்றாளா, விற்காமல் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்பதைப் பற்றி மேலே இருக்கிற ஒருத்திக்கும் கவலை கிடையாது. போன வசந்தத்தில் கெல்சியின் நல்ல வாடிக்கைக்காரி ஒருத்தியைப் பிடித்து, அதே ஊரின் தெற்குக் கோடியில் அவளுக்கும் ஒரு கடை வைத்துக் கொடுத்தாள் டானெட். இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு இரண்டு கடை. கெல்சி அழுதபோது, "போட்டி இருந்தாத்தான் நீ வளருவே" என்றாளாம்.

கடைக்கு வெளியே 'நியூட்ரிஷன்' என்று மட்டும் பலகை. கம்பெனியின் பெயர் எங்கேயும் இருக்காது. ஜன்னலில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தாள். சரக்கு டப்பாக்கள் எல்லாம் பின்னறையில். முன்னால் இருப்பவை எழுத்தே இல்லாத கண்ணாடி ஜாடிகள். ஏன் இப்படி ஒளித்து ஒளித்து வைக்கிறாய் என்று ட்ரீனா கேட்டால், "கம்பெனி ரூல் அண்ணி" என்பாள் கெல்சி. ரூலாம். சாராயம் விற்கிறவன்கூடப் புட்டியில் பெயர் ஒட்டித்தான் விற்கிறான்.

காலையில் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு ஷேக், மற்ற நேரமெல்லாம் பெரிய கோப்பையில் 'டீ'. மேலே ரோஸ், கீழே நீலம், நடுவில் ஐஸ். அதை டீ என்று கூப்பிட்டால் தேயிலையே கோர்ட்டுக்குப் போகும். பலகையில் ஒவ்வொரு டீக்கும் ஒரு பெயர். ஊரில் யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் அவர் பெயரில் ஒரு டீ வைப்பது கெல்சியின் வழக்கம். ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பெயரில் ஒன்று உண்டு. கண்காட்சியில் பன்றிக்குப் பரிசு வாங்கிய பெண் பெயரில் ஒன்று உண்டு. பெயர் ஏறியவர்கள் பத்து நாள் தலைநிமிர்ந்து நடப்பார்கள். பிரின்லி பதினாறு வயதில் பள்ளி வாலிபால் முதல் அணிக்குத் தேர்வானபோது, அத்தை வைத்த பெயர்தான் பிரின்லி ஸ்மாஷ். அண்ணன் மகள் ஆயிற்றே. அவள் வந்தால் காசு வாங்காமல், மற்றவர்களுக்குப் போடுவதைவிட இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். பாசம் அப்படிப் பொங்கியது.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மேட்சில், இரண்டாவது செட்டில், சர்வ் போடப் பந்தை மேலே தூக்கியவள் பந்து கீழே வருவதற்குள் விழுந்துவிட்டாள். ட்ரீனா கேலரியிலிருந்து எப்படி இறங்கி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் கழுத்தில் கை வைத்தபோது நாடி தனித்தனியாகத் துடிக்கவில்லை, ஒரே நடுக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "இன்னிக்கு என்ன சாப்பிட்டா, என்ன குடிச்சா?"

"டீ" என்றாள் ட்ரீனா.

"என்ன டீ?"

ட்ரீனாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மேலே ரோஸ், கீழே நீலம் என்றா சொல்வது?

இதயத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவைக்கிற ஊசி ஒன்று உண்டாம். டாக்டர் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. "காஃபின் நிறைய உள்ள போயிருந்தா இந்த ஊசிய வேலை செய்ய விடாது. எவ்வளவுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். கடைக்காரங்களக் கேளுங்க, சீக்கிரம்" என்றார். ட்ரீனா அங்கேயே நின்று கெல்சியைக் கூப்பிட்டாள்.

"கெல்சி, பிரின்லி இன்னிக்கு உங்கிட்ட குடிச்சாளே, அதுல காஃபின் எவ்வளவு? டாக்டர் கேக்கறாங்க."

"ஐயோ, என்ன ஆச்சு அண்ணி? எப்படி இருக்கா அவ?"

"எவ்வளவுன்னு சொல்லுடி முதல்ல."

"அது எல்லாம் மூலிகைதான் அண்ணி, வைட்டமின். கரெக்டா எனக்குத் தெரியாது. டானெட்டக் கேட்டுட்டு உடனே கூப்பிடறேன்."

உடனே கூப்பிடவில்லை. டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கணக்குத் தெரியாமலேயே பெரிய ஊசியாகப் போட்டார். பிரின்லியின் முகம் ஒரு கணம் வெள்ளைத் துணியாகிவிட்டது. கண் செருகியது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "அம்மா, நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ட்ரீனாவின் காதில் இன்னும் தினமும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது, பில் போடும்போது, பாத்திரம் கழுவும்போது. மகளை ஹெலிகாப்டரில் ஏற்றி விச்சிட்டா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு கெல்சியிடமிருந்து பதில் வந்தது. "டானெட் சொல்றாங்க, அது வியாபார ரகசியமாம் அண்ணி. ஆனா எல்லாமே இயற்கைதானாம், பயப்பட ஒண்ணும் இல்லியாம்."

விச்சிட்டாவில் இதய டாக்டர் விளக்கமாகவே சொன்னார். பிரின்லியின் இதயத்தில் துடிப்பைத் தறிகெட்டு ஓடவிடுகிற ஒரு குறுக்குவழி பிறவியிலேயே இருக்கிறது. அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு காஃபினை நாள் தவறாமல் ஊற்றி அதை உலுக்கி எழுப்பியிருக்கிறார்கள். இனி குழாய் விட்டு அந்த வழியைச் சுட்டு அடைக்க வேண்டும், அதுவரை ஆட்டம் கிடையாது. ஊர் இதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது. 'பிறவிக் கோளாறாம், பாவம்.' மற்ற பாதியைச் சொல்ல வாயெடுத்தால், "கெல்சி நல்ல பொண்ணாச்சே" என்று பேச்சை மாற்றினார்கள். கெல்சி நல்ல பெண்தான். அதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல்.

நோட்டீஸைக் கிழித்த அன்று சாயங்காலம் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் போட்டாள் ட்ரீனா. தானியக் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்த டாரல் அதைக் கையால் நீவி நிமிர்த்தினான்.

"எதுக்குக் கிழிச்ச?"

"எதுக்குக் கிழிச்சேனா? படிச்சுப் பாத்தியா நீ?"

"படிச்சேன். என் தங்கச்சி நமக்கு உதவி பண்றா. ஹெலிகாப்டருக்கு மட்டும் என்ன பில் வந்திருக்குன்னு பாத்தல்ல? நாலு பேர் நமக்காக வந்து நிக்கறப்போ நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்றத அப்புறம் கேப்போம். வெஷம் வெச்சவளே மருந்துக்குக் காசு குடுத்தா வாங்கிக்குவியா?"

"வெஷம்னு சொல்லாத. அவ வேணும்னா செஞ்சா?"

"நான் வேணும்னு செஞ்சான்னு சொன்னேனா? என்ன போட்டேன்னு கேட்டேன். அதுக்கே இன்னும் பதில் வரல."

டாரல் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். நல்லவன், ஆனால் தங்கை என்றால் அவனுக்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. சோபாவில் படுத்திருந்த பிரின்லிதான் வாயைத் திறந்தாள். நெஞ்சில் ஒட்டிய கருவியின் வயர் சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, சனிக்கிழமை மேட்ச் இருக்கு. டீம் மொத்தமும் அத்தை கடைக்குப் போயிட்டுத்தான் போறாங்க. எனக்காகவாம்." கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஹாட்லி நேத்து ரெண்டு குடிச்சாளாம். கை நடுங்குதுன்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்கா, சிரிக்கிற பொம்மை போட்டு. நான் என்னம்மா சொல்லட்டும் அவளுக்கு?"

ஹாட்லி பக்கத்துத் தெருப் பெண். பிரின்லியோடு கிண்டர்கார்டனிலிருந்து ஒன்றாகப் படிப்பவள். ட்ரீனா சனிக்கிழமை போவதென்று முடிவு செய்தது அந்தக் கணத்தில்தான். டாரல் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கடை வாசலைத் தாண்டி அஞ்சலகம் வரைக்கும் வரிசை நின்றது. இந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. ஒருவன் வீடு எரிந்தால், ஒருத்திக்குக் கேன்சர் வந்தால், கேள்வி கேட்காமல் வந்து வரிசையில் நிற்பார்கள். சூப் விற்றால் சூப் வாங்குவார்கள், பழைய துணி விற்றால் பழைய துணி வாங்குவார்கள். அந்த நல்ல குணத்தைத்தான் இவர்கள் பிடித்துக் கறக்கிறார்கள். வழி நெடுக ட்ரீனாவின் தோளைத் தொட்டு, "பிரின்லி எப்படி இருக்கா? நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ரோஸும் நீலமுமாக ஒரு கோப்பை. நன்றி சொல்வதா, கோப்பையைத் தட்டிவிடுவதா?

உள்ளே அணிப் பெண்கள் பிரின்லியின் எண் அச்சடித்த சட்டையோடு சளசளவென்று நின்றிருந்தார்கள். டானெட் ஒரு குச்சியில் ஃபோனை மாட்டிக்கொண்டு தன் முகத்தையும் கூட்டத்தையும் சேர்த்து நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டாங்க பிரின்லியோட அம்மா. வா கண்ணு, வா. ஒரு கப்பக் கையில புடி, எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லு."

"எனக்கு வேண்டாம்."

"சும்மா ஃபோட்டோவுக்குத்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவள் மேல் வெனிலா வாசனை தூக்கியடித்தது. "பிறவிக் கோளாறாமே. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. கடவுள் காரணம் இல்லாம எதையும் செய்ய மாட்டார் ட்ரீனா."

"கடவுள இதுல இழுக்காதீங்க. அவர் உங்க கம்பெனியில சேரல."

டானெட் பல் தெரியச் சிரித்தாள், ஃபோனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கவுண்டருக்குப் பின்னால் கெல்சி இரண்டு கையாலும் கலக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். ட்ரீனாவும் பின்னாலேயே போனாள். திட்டத்தான் போனாள்.

பின்னறையில் கூரை வரைக்கும் டப்பா. பிரிக்காத அட்டைப் பெட்டிகள் ஜன்னலையே மறைத்திருந்தன. அவற்றுக்கு நடுவில் தரை துடைக்கிற வாளியின் மேல் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள் கெல்சி. கோபம் கோபமாகவே இருந்தது. ஆனாலும் ட்ரீனாவின் கை தானாகப் போய் அவள் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"என்னடி, இதையே குடிச்சுக் குடிச்சு உன் வயிறும் போச்சா?"

கெல்சி இல்லையென்று தலையாட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"குழந்தை அண்ணி. நாலாம் மாசம் ஆரம்பிச்சிருக்கு. அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லல. போன ரெண்டு தடவை மாதிரி ஆயிடுமோன்னு பயம்."

இரண்டு தடவையும் கலைந்தபோது பக்கத்தில் இருந்தவள் ட்ரீனாதான். மருத்துவமனையில் கெல்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு வந்து தொட்டிலைப் பிரித்துக் கண்ணில் படாமல் எடுத்துப் போனவள். அதனால் வந்த காரியம் மறந்துபோய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. அப்போது பெட்டியின் மேல் கெல்சியின் சொந்தக் கோப்பை கண்ணில் பட்டது. பெரியது, பெயர் எழுதியது, பாதி குடித்தது.

"அடிப்பாவி, இந்த நேரத்துல இதையா குடிக்கிறே? குழந்தைக்கு ஆகுமா?" என்று பாய்ந்து எடுத்தாள், கீழே கொட்ட.

"இல்லண்ணி, இல்ல. அது வெறும் கலர்த் தண்ணி." அண்ணியைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் கெல்சி படபடவென்று சொன்னாள். "கடையில எப்பவும் கப்போட நிக்கணும்னு டானெட் சொல்வாங்க, அதுக்காக. பள்ளிக்கூடம் தொறந்த வாரமே டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இதுல போடற டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் அவங்ககிட்டக் காமிச்சேன். லேபிளப் படிச்சுட்டு, ஒரு சொட்டுகூடத் தொடாதேன்னாங்க. அன்னிலேருந்து தொடல அண்ணி. சத்தியமா."

நல்ல மதிப்பெண் வாங்கிய குழந்தை அம்மாவிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லி முடித்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

ட்ரீனா கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தண்ணீர். கொஞ்சம் இனிப்பு.

"பள்ளிக்கூடம் தொறந்தது ஆகஸ்ட்ல" என்றாள்.

கெல்சி வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஆகஸ்ட்ல உன் டாக்டர்கிட்ட டப்பாவக் கொண்டுபோய்க் காமிச்சிருக்க. செப்டம்பர்ல என் பொண்ணு செத்துக்கிட்டிருக்கறப்போ, அவ டாக்டர் கேட்டாங்க. தெரியாதுன்ன."

"அது... டானெட்டக் கேக்காம வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

"உன் டாக்டர்கிட்டக் காமிக்கறதுக்கு டானெட்டக் கேட்டியா?"

வெளியே பெண்கள் கும்பலாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தப்புதான் அண்ணி. ஆனா கடை போச்சுன்னா வீடும் போயிடும். வீட்டு மேலதான் கடன் வாங்கியிருக்கு. குழந்தை வேற வரப்போகுது. நான் என்ன பண்ணுவேன்?"

"உன் குழந்தை வரப்போகுது. அங்க நிக்குதுங்களே, அதெல்லாம் யார் பெத்தது?"

இதற்கு மேல் பேசினால் கை நீட்டிவிடுவோம் என்று ட்ரீனாவுக்குத் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சி. அவள் கை நீட்டவில்லை. பிரித்திருந்த ஒரு பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்து, லேபிளை அடிவரி வரைக்கும் படித்தாள். டப்பாவும் கையுமாக, மறு கையால் கெல்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

கவுண்டரில் ஹாட்லி நின்றிருந்தாள். ஒரு காலிக் கோப்பையை வைத்துவிட்டு, கெல்சி பாதியில் விட்டுப்போன அடுத்ததை எடுத்து உறிஞ்சப் போனாள். ஸ்ட்ரா அவள் உதட்டைத் தேடி ஆடியது; கை அப்படி நடுங்கியது. ட்ரீனா கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவு தொட்டியில் கவிழ்த்தாள். ஐஸ் கடகடவென்று விழுந்ததில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

"ஆன்ட்டி, அது பிரின்லிக்காக வாங்கினது" என்றாள் ஹாட்லி, கண் கலங்கி.

"தெரியும்டா செல்லம். பிரின்லிதான் என்னை அனுப்பிச்சா."

"ட்ரீனா, நேரலை போயிக்கிட்டிருக்கு" என்றாள் டானெட். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, குரலில் இல்லை.

"போகட்டும். நெறையப் பேர் பாக்கட்டும்." கெல்சியைக் கவுண்டருக்கு முன்னால் நிறுத்தினாள். வயிற்றில் இருப்பதை ஊருக்குச் சொல்வது அவள் வேலையில்லை. அது கெல்சியின் சேதி. டப்பாவில் இருப்பது அப்படியில்லை. "என் பொண்ணு விழுந்த அன்னிக்கு டாக்டர் ஒரு கேள்வி கேட்டாங்க. இதுல என்ன இருக்குன்னு. இன்னி வரைக்கும் எனக்குப் பதில் வரல. கெல்சி இப்ப படிப்பா."

டப்பாவை நீட்டினாள். கெல்சி வாங்கவில்லை.

"இதெல்லாம் இங்க வேண்டாமே" என்று டானெட் நடுவில் வந்தாள். ஃபோனைக் குச்சியோடு கீழே இறக்கியிருந்தாள். "கம்பெனிச் சரக்க இப்படிக் கடையில வச்சுக் காட்டறது ரூலுக்கு விரோதம். கெல்சி, இதுக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல? யாருக்காவது சந்தேகம் இருந்தா தனியா எங்கிட்ட வந்து கேக்கலாம்."

"படிக்கட்டும்மா" என்றார் வரிசையில் நின்ற வெர்ன். எண்பது வயது, ஊருக்கு வெளியே கோழி வளர்க்கிறவர், வாழ்நாளில் டீ குடித்திராதவர், பிரின்லிக்காக இரண்டு கோப்பை வாங்கி வைத்திருந்தார். "நான் கோழித் தீவனமே லேபிள் படிச்சுத்தான் வாங்கறேன்."

யாரோ சிரித்தார்கள். ஹாட்லியின் அம்மா மிஸ்டி சிரிக்கவில்லை. மகளின் நடுங்குகிற கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துப் பொத்தியிருந்தாள்.

"படி கெல்சி" என்றாள் மிஸ்டி.

கெல்சி டானெட்டைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். டப்பாவை வாங்கினாள்.

"ஒரு கரண்டியில... ஒரு கப் காபியில இருக்கற அளவு காஃபின்."

"ஒரு கோப்பைக்கு எத்தனை கரண்டி போடறே?" என்று கேட்டாள் மிஸ்டி.

"ரெண்டு. அதோட ஒரு மாத்திரை கரையும். அதுலயும் காஃபின் இருக்கு. அப்புறம் ஒரு மூடி திரவம், அதுலயும்."

"பிரின்லிக்கு எத்தனை கரண்டி போட்ட?" இதைக் கேட்டது ட்ரீனா.

"நாலு" என்றாள் கெல்சி. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "நாலு அண்ணி."

பிறகு இரண்டு பெண்கள் கோப்பையைக் கவுண்டரில் வைத்தார்கள். ஒரு பெண் வைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். டானெட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் விடை பெறாமல், பக்கவாட்டில் நடந்து கதவைப் பார்த்துப் போனாள். வரிசை அவளுக்கு வழி விட்டது. அந்த நேரத்திலும் அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் இது.

"கீழ இன்னும் எழுதியிருக்கு" என்றாள் ட்ரீனா. "பொடி எழுத்துல. அதையும் படி."

கெல்சி டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் போயிருந்தது. மிஸ்டி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"கர்ப்பிணிகள் இதை அருந்தக் கூடாது" என்று படித்தாள் கெல்சி.

"அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கு."

கெல்சியின் உதடு மட்டும் அசைந்தது.

"என்னது?"

"குழந்தைகளும்" என்றாள் கெல்சி. "குழந்தைகளும் கர்ப்பிணிகளும்."

"அஞ்சலகம் வரைக்கும் ஆள் நிக்குது, அவங்களுக்குக் கேக்கல" என்றாள் ட்ரீனா. "சத்தமாப் படி."